இரண்டு எதிர்காலங்களைக் கண்ட பெண்

தாயும் தந்தையும் விவாகரத்துச் செய்துகொள்வதென்று தீர்மானித்துவிட்ட ஒரு வீட்டில், அந்தத் தீர்மானத்தில் அணுவளவும் பங்கில்லாத மகளிடம், இனி நீ யாரோடு வாழப்போகிறாய் என்ற கேள்வி மட்டும் வந்து சேருகிறது. அமெரிக்க எழுத்தாளர் கேசி வெஸ்ட் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிவட் பாயிண்ட்’ என்ற நாவல் இந்தக் கேள்வியில்தான் உயிர் கொள்கிறது. பதின்பருவத்து வாசகர்களுக்கென்று எழுதப்பட்ட அமானுஷ்யக் கதை அது. அடிசன் கோல்மன் என்ற பள்ளி மாணவி, தன் முன்னே இரண்டு வழிகள் பிரியும்போதெல்லாம், அவற்றுள் ஒவ்வொன்றும் தன்னை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை முன்கூட்டியே கண்டறியும் சக்தியுடன் பிறந்தவள். இத்தகைய கதைகளைக் கண்டதும், பிள்ளைகளின் காலத்தை வீணாக்கும் மாயாஜாலம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் அறிஞர்களாகவும் பிள்ளைகளின் நலம் நாடுபவர்களாகவும் இருக்கிறார்கள் என்பதாலேயே, அவர்களுடைய அபிப்பிராயத்தை மறுத்துச் சில வார்த்தைகள் சொல்லவேண்டியது அவசியமாகிறது.

அடிசன் பிறந்து வளர்ந்தது, மனோசக்தி படைத்தவர்கள் வெளியுலகத்தின் கண்ணில் படாமல் தமக்கென்று அமைத்துக்கொண்ட ‘காம்பவுண்ட்’ என்னும் இரகசியக் குடியிருப்பில். அவளுடைய தந்தைக்குப் பிறர் சொல்லும் பொய் தெரிந்துவிடும். தாய்க்குப் பிறர் மனத்தைத் தன் வார்த்தைக்கு இணங்கச் செய்யும் வல்லமை உண்டு. பொய்யை அறியக்கூடிய ஒருவரும், மறுப்பை இணக்கமாக மாற்றக்கூடிய ஒருவரும் சேர்ந்து நடத்திய இல்லறம் நிலைக்கவில்லை என்பதை ஆசிரியை எவ்வித விளக்கவுரையும் இன்றிக் கதையின் ஆரம்பத்திலேயே வைத்துவிடுகிறார். மனிதர்களுக்குள் நேரும் முறிவுகளை எந்தச் சக்தியாலும் தடுக்க முடிவதில்லை என்ற துக்ககரமான உண்மை, பதினாறு வயது வாசகருக்கு முதல் சில பக்கங்களிலேயே எட்டிவிடுகிறது.

தந்தை காம்பவுண்டை விட்டு வெளியேறி, சாதாரண மனிதர்களுக்கு நடுவே, டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரத்தில் குடியேறப்போகிறார். தாய் பழைய இடத்திலேயே இருப்பார். மகள் ஆறு வாரங்கள் வரை தன் எதிர்காலத்தைத் தேடிப் பார்க்கிறாள். அதன் பிறகு நாவல், ஓர் அத்தியாயம் ஒரு வாழ்க்கை, அடுத்த அத்தியாயம் மற்றொரு வாழ்க்கை என்று மாறி மாறிச் செல்கிறது. ஒன்றில், புதிய பள்ளிக்கூடத்தில் எவரையும் அறியாதவளாக நுழைந்து, ஓவியம் தீட்டும் டிரெவர் என்ற இளைஞனுடைய நட்பைப் பெற்று, அந்நட்பு மெல்ல மெல்ல அன்பாகக் கனிவதை உணர்கிறாள். மற்றொன்றில், காம்பவுண்டுப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து வீரனான டியூக், ஊரார் அனைவரும் வியக்கும்படி அவளையே நாடி வருகிறான். இரண்டு வாழ்க்கைகளிலும் குறுக்கிடுவது காம்பவுண்டுக்குள் நிகழ்ந்த ஒரு கொலை. அதைத் துப்பறிய அவளுடைய தந்தையின் உதவி நாடப்படுகிறது.

முடிவைச் சொல்லாமல் இந்நாவலின் தகுதியை நிர்ணயிக்க இயலாது, ஆகவே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இன்பம் தரும் வாழ்க்கை தந்தையோடு செல்லும் வாழ்க்கைதான். ஆனால் அந்த வழியில் அவளுடைய உயிர்த்தோழி லைலா இறந்துபோகிறாள். தாயோடு தங்கினால் தோழி பிழைப்பாள். டிரெவரைச் சந்திக்கும் பாக்கியம் கிட்டாது. வஞ்சனை ஒன்றையும் அனுபவித்தாக வேண்டும். அடிசன் தோழியின் உயிரைத் தேர்ந்தெடுக்கிறாள். பிறருடைய நினைவை அழிக்கும் சக்தி அந்த லைலாவுக்கே உண்டு. ஆகையால், வாழாமல் விட்டுவிட்ட அந்த இனிய வாழ்க்கையின் ஞாபகத்தைத் தன் மனத்திலிருந்து அழித்துவிடும்படி அவளிடமே கேட்டுக்கொள்கிறாள்.

எதிர்காலத்தை அறியும் சக்தி ஒருத்திக்கு வாய்த்தால் அவள் சுகப்படுவாள் என்று நாம் எதிர்பார்ப்போம். அந்தச் சக்தி அவளுக்குச் செய்தது என்ன? மற்றவர்கள் தாம் இழந்தது இன்னதென்று அறியாமலே இழக்கிறார்கள். இவளோ தான் இழக்கப்போவதன் முகத்தையும் குரலையும் அறிந்து, அதன் பின்னர் மனம் உவந்து அதை விட்டுக்கொடுக்க வேண்டியவளாகிறாள். தியாகம் என்பதை இளம் பருவத்தினருக்கு உபதேசமாகச் சொன்னால் காதில் ஏறாது. கதையின் போக்கில் வந்து நிற்கும்போது, அதன் கனத்தை அவர்களே தூக்கிப் பார்க்கிறார்கள்.

2001ஆம் ஆண்டில் ஜீவா இயக்கி, ஷாம் நடித்து வெளிவந்த ‘12பி’ என்ற படத்தைத் தமிழ் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேருந்தைப் பிடித்துவிட்ட ஒருவனுடைய வாழ்க்கையும், அதே பேருந்தைத் தவறவிட்ட அதே மனிதனுடைய வாழ்க்கையும் அதில் பக்கம் பக்கமாக நடந்தன. மேற்போக்காகப் பார்த்தால் ‘பிவட் பாயிண்ட்’ நாவலின் அமைப்பும் அதுவே போலத் தோன்றும். ஆனால் ஒரு முக்கியமான பேதம் இருக்கிறது. அந்தப் படத்தில் இரண்டு வழிகளையும் காண்பவர்கள் நாம். கதாநாயகன் ஒன்றையும் அறியான். அவனுக்கு நேர்ந்தது தேர்வன்று, தற்செயல். நாவலிலோ இரண்டையும் காண்பவள் கதாநாயகியே. எதிர்பாராமல் நடந்துவிட்டது என்று அவளால் பிற்பாடு சொல்லிக்கொள்ள முடியாது. விதியின் மீது பழிபோட்டு ஆறுதல் பெறவும் வழியில்லை. அறிந்து செய்த காரியத்தின் முழுப் பொறுப்பும் அவள் தலையில் இறங்குகிறது. இந்த ஒரு மாறுதலால், வேடிக்கையாக முடிந்திருக்கக்கூடிய ஒரு கற்பனை தர்மசங்கடமாக உயர்ந்துவிடுகிறது.

பதின்பருவத்தினருக்கான அமானுஷ்யக் கதைகளில் உலகமெங்கும் பெரிதும் வாசிக்கப்பட்டவை ஸ்டெஃபனி மேயர் எழுதிய ‘ட்வைலைட்’ வரிசை நாவல்கள். 2005இல் தொடங்கிய அவ்வரிசையில் ஆலிஸ் கல்லன் என்ற உபபாத்திரம் ஒன்று உண்டு. அவளுக்கு எதிர்காலம் காட்சிகளாகத் தோன்றும். ஆனால் அக்காட்சிகள் மனிதர்கள் செய்யும் தீர்மானங்களைப் பொறுத்தவை. ஒருவர் மனத்தை மாற்றிக்கொண்ட கணத்திலேயே காட்சியும் மாறிவிடும். இந்த ஒரு நியதியை மேயர் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதனால், வரிசையின் மிகச் சிறந்த திருப்பங்கள் பல இதிலிருந்தே பிறக்கின்றன. 2006இல் வந்த ‘நியூ மூன்’ நாவலில், பெல்லா என்ற பெண் செங்குத்தான பாறையிலிருந்து கடலில் குதிப்பதை ஆலிஸ் காண்கிறாள். அவள் கரையேறுவதைக் காணவில்லை. காப்பாற்றிக் கரை சேர்த்தவன் ஓநாயாக உருமாறும் இனத்தைச் சேர்ந்தவன். அந்த இனத்தார் ஆலிஸின் பார்வைக்குப் புலப்படாதவர்கள். கண்டது உண்மை; கண்டதிலிருந்து செய்த அனுமானம் பிழை. அந்தப் பிழையான செய்தி காதலன் எட்வர்டின் செவிக்கு எட்டி, அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் நோக்கத்தோடு இத்தாலி நாட்டு வோல்டெர்ரா நகரம் வரை சென்றுவிடுகிறான். பாதி தெரிந்த எதிர்காலம் ஒன்றுமே தெரியாததைவிட ஆபத்தானது என்பதை இதைக்காட்டிலும் விறுவிறுப்பாக ஒரு பதின்பருவத்துப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது கடினம்.

அடுத்த நாவலான ‘எக்லிப்ஸ்’ இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. பெல்லாவின் மீது பகைமை பூண்ட விக்டோரியா, ஆலிஸின் சக்தி தீர்மானங்களையே பற்றி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, தீர்மானங்களைத் தான் செய்யாமல் மற்றொருவனைக் கொண்டு செய்வித்துத் தன்னை மறைத்துக்கொள்கிறாள். தீர்மானம் செய்யாதவனுக்கு எதிர்காலமும் கிடையாது என்ற கருத்து, இங்கே ஒரு தந்திரத்தின் உருவில் மறைந்து நிற்கிறது. 2012இல் திரைக்கு வந்த இவ்வரிசையின் இறுதிப் படத்தில், உறைபனி மூடிய வெளியில் இரு தரப்பினரும் மோதும் பயங்கரமான யுத்தம் ஒன்று காட்டப்படுகிறது. நமக்குப் பிரியமானவர்கள் மாண்டு விழுகிறார்கள். அதன் பின்னரே, அவ்வளவும் ஆலிஸின் மனக்காட்சி என்றும், அவள் கையைப் பற்றி அதைக் கண்ட எதிர்த் தலைவன் ஆரோ தன் முடிவை அறிந்து பின்வாங்குகிறான் என்றும் தெரியவருகிறது. மேயரின் மூல நாவலில் இல்லாத இந்தக் காட்சி, படத்திலேயே மிகவும் பொருள் பொதிந்தது என்பது என் அபிப்பிராயம். செய்யவிருந்த ஒரு காரியத்தின் பலனை முழுவதும் கண்ட ஒருவன் அதைச் செய்யாமல் விடுகிறான். ஒரு யுத்தம் நிகழாமலே முடிந்துவிடுகிறது.

எதிர்காலத்தை அறிதல் என்ற விஷயம் உலக இலக்கியத்துக்குப் புதிதன்று. கிரேக்கர்களின் எடிப்பஸ், தன்னைப் பற்றிய தெய்வ வாக்கிலிருந்து தப்பி ஓடியே அந்த வாக்கை நிறைவேற்றினான். நம்முடைய பாரத மரபில், பாண்டவர்களுள் இளையவனான சகாதேவன் காலக்கணிதத்தில் வல்லவன். களப்பலி கொடுப்பதற்கு உகந்த நாளைப் பகைவனான துரியோதனனே வந்து கேட்டபோதும், தன் தரப்புக்குத் தோல்வி நேரும் என்று அறிந்திருந்தும், சாஸ்திரத்துக்குத் துரோகம் செய்ய மனமின்றி அமாவாசை என்று உண்மையைச் சொன்னான். கண்ணன் ஒரு நாள் முன்னதாகவே அமாவாசையை வரவழைத்த கதை அதன் பின்னர் நடந்தது. இந்தப் பழங்கதைகளில் எதிர்காலம் என்பது முன்னரே எழுதி முடித்த ஒன்று. அறிந்தவன் அதற்கு உட்படுவான், அல்லது ஏதேனும் ஒரு தெய்வத்தின் சூழ்ச்சியால் அதைத் தாண்டுவான். மேற்கூறிய இளையோர் நாவல்களில் எதிர்காலம் எழுதப்படாமல் நிற்கிறது; ஒரு பெண், தெய்வத்தின் துணையில்லாமல், தன் சங்கல்பத்தால் அதை எழுதுகிறாள். இரண்டு மரபுகளுக்கும் இடையேயுள்ள தூரம் மிகப் பெரியது. இக்காலத்து இளைஞர்கள் பின்னதை விரும்பிப் படிப்பது, தம் வாழ்க்கையைத் தாமே நிர்ணயிக்க வேண்டும் என்று அவர்களுக்குள் எழும் நியாயமான தாகத்தைக் காட்டுகிறது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். கைரேகை, கிளிசோதிடம், வைத்தீஸ்வரன் கோயிலின் நாடி ஏடுகள் என்று எதிர்காலம் கூறும் வழிகள் ஏற்கெனவே மலிந்து கிடக்கும் நாட்டில், முன்னறியும் சக்தியைப் போற்றும் கதைகளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால், அவர்களுடைய பகுத்தறிவு மழுங்காதா என்று கேட்பார்கள். கேள்வி நேர்மையானது, அதற்கு நேரான பதிலும் உண்டு. சோதிடரிடம் செல்பவர், தம்முடைய தேர்வின் பாரத்தை இறக்கிவைக்கவே பெரும்பாலும் செல்கிறார். இன்னது நடக்கும் என்று மற்றொருவர் சொல்லிவிட்டால், தீர்மானிக்கும் வேதனையிலிருந்து விடுதலை கிடைக்கிறது. அடிசனுக்கு அந்த விடுதலை கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் கண்டு முடித்த பிறகும், எதைக் கொள்வது, எதை விடுவது என்ற கேள்வி தொடக்கத்தில் இருந்தது போலவே அவள் எதிரில் நிற்கிறது. காட்சிகள் அதற்கு விடை சொல்லவில்லை. கவனத்தோடு இந்நாவலைப் படித்த பிள்ளை, பலன் கேட்டு அறிவதால் மட்டும் வாழ்க்கையின் சிக்கல் அவிழ்ந்துவிடாது என்ற தெளிவோடு புத்தகத்தை மூடும் என்றே நம்புகிறேன்.

கதை நிகழும் டெக்சாஸ் மாநிலத்துச் சட்டத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். பெற்றோர் பிரியும் வழக்குகளில், பன்னிரண்டு வயது நிறைந்த குழந்தையை நீதிபதி தமது தனியறைக்கு அழைத்து, யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று கேட்டறியவேண்டும் எனக் கோருவதற்கு அங்கே வழியுண்டு; இறுதித் தீர்ப்பு நீதிபதியுடையதே. நம் நாட்டிலும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், விவரம் அறிந்து விருப்பம் சொல்லும் வயதை எட்டிவிட்ட குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே அடிசனிடம் கேட்கப்பட்ட கேள்வி மாயாலோகத்துக் கேள்வியன்று. குடும்ப நீதிமன்றங்களில் மெய்யான குழந்தைகள் மெய்யாகவே எதிர்கொள்ளும் கேள்வி. அவர்கள் தங்கள் பதிலின் விளைவை அறியாமலே பதில் சொல்லிவிட்டு, வெளியே காத்திருக்கும் இருவருள் ஒருவருடைய முகத்தைப் பார்க்கவும் அஞ்சியவர்களாக நடந்து வருகிறார்கள். அவர்களுடைய மனக்கலக்கத்துக்கு இந்த நாவல் ஓர் உருவம் கொடுத்திருக்கிறது. மனோசக்தி என்பது அந்த உருவத்துக்கு அணிவித்த ஆடைதான்.

மனத்தத்துவ அறிஞர்களான டேனியல் கில்பர்ட்டும் திமோத்தி வில்சனும், மனிதர்கள் தம்முடைய வருங்கால உணர்ச்சிகளை எவ்வளவு தூரம் சரியாக ஊகிக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு தோல்வி நேர்ந்தால் எவ்வளவு வருந்துவோம், ஒரு வெற்றி கிட்டினால் எவ்வளவு காலம் மகிழ்வோம் என்ற இரண்டையும் நாம் பெரும்பாலும் மிகைப்படுத்தியே எண்ணிக்கொள்கிறோம் என்பது அவர்களுடைய முடிவு. பரீட்சையில் தவறிய நாளோடு உலகமே முடிந்துவிட்டது என்று கருதும் பிள்ளைக்கு, ஆறு வாரங்களுக்கு அப்பாலும் காலை விடிகிறது, புதிய மனிதர்கள் அறிமுகமாகிறார்கள், இழப்போடும் ஒரு வாழ்க்கை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று காட்டக்கூடிய எந்தக் கதையும் ஓர் உபகாரமே. அடிசனுடைய இரண்டு எதிர்காலங்களிலும் துக்கம் உண்டு, இரண்டிலும் சந்தோஷமும் உண்டு. முற்றிலும் நல்ல வழி ஒன்று, முற்றிலும் தீய வழி ஒன்று என்று ஆசிரியை வகுத்திருந்தால், கதை சீக்கிரமே நீர்த்துப்போயிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, குறைகளையும் மறைக்கக் கூடாது. இந்த ரகத்து நாவல்களில் பெரும்பாலானவை, வாழ்க்கையின் சகல தேர்வுகளையும் இரண்டு இளைஞர்களுள் யாரைக் காதலிப்பது என்ற ஒரே தேர்வுக்குள் அடைத்துவிடுகின்றன. படிப்பு, தொழில், கொள்கை, தான் வாழும் சமூகத்துக்குத் தான் கடமைப்பட்டிருப்பது ஆகியவை எல்லாம் ஓரத்தில் ஒதுங்கி நிற்கின்றன. ‘பிவட் பாயிண்ட்’ நாவலும் இக்குறைக்கு விலக்கன்று. தோழியின் உயிர் என்ற பெரிய விஷயம் கடைசியில் வந்து அதை மீட்கிறது. மற்றொரு குறை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அடிசன் தன் நினைவை அழித்துக்கொள்வதை ஆசிரியை கருணையின் செயலாகச் சித்திரிக்கிறார். விட்டுக்கொடுத்ததை மறந்துவிட்டால் விட்டுக்கொடுத்ததன் பெருமையும் பாதி போய்விடுகிறது என்பது என் துணிபு. இழந்ததை நினைவில் வைத்துக்கொண்டே, அதற்காகக் கசந்துபோகாமல், அந்தத் தோழியோடு தினமும் சிரித்துப் பேசும் ஒரு பெண்ணை வெஸ்ட் எழுதியிருந்தால், நாவல் இன்னும் உயரமான ஓர் இடத்தைப் பெற்றிருக்கும். 2014இல் வந்த இரண்டாம் பாகமான ‘ஸ்ப்ளிட் செகண்ட்’ நாவலில் அவள் தான் மறந்ததைத் தேடிச் செல்ல வேண்டியதாகிறது என்பதே, அந்த மறதி நிலையான தீர்வாகாது என்பதற்குச் சான்று.

அமெரிக்காவில் பதின்பருவத்தினருக்கான இலக்கியம் தனித் துறையாக நிலைபெற்றது திடீரென்று நிகழ்ந்ததன்று. 1957ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு நூலகச் சங்கம் இளையோர் சேவைக்கென்று ஒரு பிரிவை அமைத்துவிட்டது. 1967இல், தாமே பதின்பருவத்தைத் தாண்டாதவராக இருந்த எஸ். இ. ஹிண்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவல் அத்துறைக்கு அஸ்திவாரமாயிற்று. நூலகர்கள் முதலில் இடம் கொடுத்தார்கள். எழுத்தாளர்கள் பின்னர் வந்து அதை நிரப்பினார்கள். தமிழிலோ, குழந்தைகளுக்குக் கதை உண்டு, பெரியவர்களுக்கு நாவல் உண்டு. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆறேழு ஆண்டுகளைச் சேர்ந்தவர்களுக்கு நாம் பாடப்புத்தகத்தையும் வினா வங்கியையும் கொடுத்துவிட்டு, அதுவே போதும் என்றிருக்கிறோம். அந்த ஆண்டுகளில்தான் அவர்கள் வாழ்க்கையின் முதல் பெரிய தேர்வுகள் வருகின்றன. பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், உயிரியல் பிரிவா, கணினி அறிவியலா, வணிகவியலா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. அந்தப் பிள்ளையைச் சுற்றி அமர்ந்து அத்தனை பேரும் பேசுகிறார்கள். பேசவேண்டிய பிள்ளை மட்டும் மௌனமாக இருக்கிறது.

பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்கள், அமானுஷ்யம் என்ற காரணம் ஒன்றைக் கொண்டே இத்தகைய நாவல்களை விலக்கிவிடாமல், ஒருமுறை தாமே படித்துப் பார்த்து முடிவுக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிப்பாளர்கள் நல்ல மொழிபெயர்ப்புகளைக் கொண்டுவரலாம். தமிழ் எழுத்தாளர்களிடம் கேட்பது இன்னும் பெரிய காரியம். அந்தக் கோடை விடுமுறையில், விண்ணப்பப் படிவத்தை எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு பிரிவைச் சொன்னால் அப்பாவின் முகம் எப்படி மாறும், மற்றொன்றைச் சொன்னால் ஐந்து வருஷத்துக்குப் பிறகு தான் எந்த ஊரில் யாராக இருப்பேன் என்று இரண்டையும் காணும் சக்தி வாய்த்த ஒரு பெண்ணை அவர்கள் எழுத வேண்டும். அவள் காண்பவற்றில் கடன் வாங்கிய பணமும், சாதியும், தம்பியின் படிப்பும், பாட்டியின் வைத்தியச் செலவும் இடம்பெறும். அமெரிக்க நாவலில் இல்லாத கனம் அதற்குத் தானாகவே வந்துசேரும். அப்படி ஒரு நாவலை வாங்கிப் படிக்க, பள்ளிச் சீருடை அணிந்த வாசகர்கள் இன்றைக்கே காத்திருக்கிறார்கள்.